உபதேசியார் தாத்தாவின் தகரப்பெட்டி: சபைப் பதிவேடுகளையும் குடும்பத் தாள்களையும் பேணும் முறை

திருநெல்வேலிச் சீமையில், கிறிஸ்தவ சபையில் போதகருக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியாராக இருந்த என் தாத்தாவின் தகரப்பெட்டியில், பழைய ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றும் நூலால் கட்டிய கடிதக் கட்டுகளும் இருந்தன. அவற்றைக் காப்பகத்துக்கு அனுப்பும் நிலைக்குக் கொண்டுவந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி, எதையும் பிரிக்காமல், இருந்தது இருந்தபடியே படமெடுப்பது. நான் இதைச் செய்யாமல், எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்துத் தேதிவாரியாக அடுக்கிவிட்டேன். "ஓடு வந்து சேர்ந்தது" என்று மட்டும் எழுதிய, தேதியில்லாத கடிதம் ஒன்று எந்த ரசீதோடு கட்டப்பட்டிருந்தது என்பது இப்போது எனக்குத் தெரியாது. சபையின் கோயிலுக்கு (தேவாலயத்துக்கு) ஓடு போட்ட ஆண்டைச் சொல்லியிருக்கக்கூடியது அந்த ரசீதுதான். ஆகவே பழைய வரிசையைக் குலைக்காமல், தாளின் ஓரத்தில் 2பி பென்சிலால் மெல்ல "கட்டு 3, தாள் 7" என எண்ணிடுங்கள். பேனா வேண்டவே வேண்டாம்.

அடுத்து, மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசியைத் தள்ளுங்கள். துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுக்காமல், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகிய பின் மெதுவாகக் கழற்றுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினால் அதன் பசை காலப்போக்கில் பழுத்துக் கறையாகும். லேமினேஷன் செய்தால் தாளைச் சேதமின்றி மீட்பது மிகக் கடினம்.

ஸ்கேன் செய்ய, தனித்தாள்களுக்குச் சமதள ஸ்கேனரே என் தேர்வு. தைத்த பதிவேட்டை அதில் கவிழ்த்து அழுத்தினால் தையல் விட்டுப்போகும் என்பதால், அதை மேலிருந்து கேமராவால் எடுங்கள். 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) அளவில், பாதுகாப்புக்கு டிஃப் கோப்பும் பகிர்வதற்கு ஜேபெக் கோப்பும் வைத்துக்கொள்கிறேன். மூலத்தை அமிலமற்ற உறையிலிட்டு, ஈரச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

கடைசியாக, ஒப்படைப்பது. பதிவேடு சபையின் சொத்து. நம் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் சேகரக் கமிட்டியின் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகக் குழுவின்) எழுத்துபூர்வமான சம்மதம் இன்றி அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கடிதங்கள் குடும்பத்தினுடையவை. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகள் சார்ந்த தாள்களுக்குப் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக்காப்பகத்தையும், மதுரை மிஷன் சார்ந்த கத்தோலிக்கத் தாள்களுக்குச் கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் சேசு சபை ஆவணக்காப்பகத்தையும் முதலில் விசாரிக்கலாம். உரிமை யாருக்கு, யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டு மூடி வைப்பது என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பின்சேர்க்கை: பதிவேட்டுப் பக்கங்களை இணையத்தில் ஏற்றலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் அதில் இருப்பதால், உயிரோடிருப்பவர்களின் பதிவுகள் உள்ள பக்கங்களை ஏற்றாதீர்கள்.