வடித்த கஞ்சியும் சீயக்காயும்: எண்ணெய்க் குளியலுக்கான செய்முறை

சோறு வடித்த கஞ்சியில் சீயக்காய்ப் பொடியைக் கரைத்துத் தலை தேய்ப்பது நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்த வழக்கம். குக்கர் வந்து கஞ்சி வடிப்பது குறைந்ததும் இதுவும் மறைந்துகொண்டு வருகிறது. சீயக்காயில் உள்ள சப்போனின் என்னும் பொருள்தான் நுரைத்து எண்ணெயையும் அழுக்கையும் பிரித்தெடுக்கிறது. கஞ்சியின் மாவுச்சத்து பொடியை வழிந்துவிடாமல் தலையில் நிறுத்துவதோடு, தனிச் சீயக்காய் உண்டாக்கும் வறட்சியையும் ஓரளவு தணிக்கிறது.

தோள் வரை நீண்ட முடிக்கு ஒரு டம்ளர் கஞ்சி, மூன்று மேசைக்கரண்டி சீயக்காய்ப் பொடி, ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஆகியவை போதும்.

முதல் நாள் இரவே வெந்தயத்தை ஊறவைத்துவிடுங்கள். கையோடு, சிறிது சீயக்காய்ப் பொடியை நீரில் குழைத்து முழங்கையின் உட்புறம் தடவிச் சில நிமிடங்களில் கழுவிவிட்டு, மறுநாள் வரை அரிப்போ தடிப்போ தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் இந்தக் குளியல் உங்களுக்கு வேண்டாம்.

மறுநாள் காலை உப்புச் சேர்க்காமல் வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாகும் வரை ஆறவிடவும். குக்கரில் சமைப்பவர்கள், இரண்டு தேக்கரண்டி அரிசி மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒன்றரை டம்ளர் நீரோடு அடுப்பிலேற்றி, வெண்மை மாறிச் சற்றே கண்ணாடி போலாகும் வரை கிளறினால் ஏறத்தாழ அதே கஞ்சி கிடைக்கும்.

அடுத்து வடிகட்டும் வேலை. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சோம்பல்படுவது இங்கேதான். பிறகு பொடியும் வெந்தயத் தோலும் முடியில் ஒட்டிக்கொண்டு உதிரவே மாட்டேன் என்கின்றன என்று இந்த முறையையே வெறுத்துவிடுகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியாக இருந்தாலும் மெல்லிய துணியில் ஒருமுறை சலித்துவிடுங்கள். ஊறிய வெந்தயத்தை மைய அரைத்து, அதன் வழவழப்பு மட்டும் இறங்கும்படி துணியில் பிழிந்து கஞ்சியில் சேர்த்து, பொடியைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கவும். தோசை மாவை விடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். பதினைந்து நிமிடம் ஊறட்டும்.

தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் கழித்து, முடியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துவிட்டு, கலவையை உச்சியிலிருந்து தொடங்கி விரல் நுனிகளால் தேய்க்கவும், நகம் படக்கூடாது. கண்களை இறுக மூடிக்கொள்ளுங்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்; பட்டுவிட்டால் கசக்காமல் நிறைய நல்ல தண்ணீரால் கழுவவும், எரிச்சல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டவும். ஷாம்பு அளவுக்கு நுரை வராது. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் அள்ளிப் பூசுவதால் முடி வறளுமே தவிர, கூடுதலாக எதுவும் சுத்தமாகிவிடாது.

மூன்று நான்கு நிமிடங்களில் அலசத் தொடங்கிவிடுங்கள். பருத்திப் புடவையை விறைப்பாக்குவதும் இதே கஞ்சிதான் என்பதால், தலையில் உலரவிட்டால் முடியும் அப்படியே விறைத்துவிடும். கையில் வழவழப்புத் தட்டாமல் போகும் வரை அலசவும்.

வறண்ட முடி உள்ளவர்கள் சீயக்காயை இரண்டு மேசைக்கரண்டியாகக் குறைத்து, ஒரு கைப்பிடி செம்பருத்தி இலையை நீரில் கசக்கிப் பிழிந்த சாற்றைச் சேர்க்கலாம். செம்பருத்தி மட்டும் போதுமா என்றால், எண்ணெய் தேய்த்த நாளில் போதாது. உசிலை இலையைப் பொடித்துச் செய்யும் அரப்புக்கும் கஞ்சி நன்றாகப் பொருந்தும்.

சமையலறையில் இருப்பதெல்லாம் இப்படி உடம்புக்கு ஒத்துவரும் என்று எண்ணிவிட வேண்டாம். எலுமிச்சைச் சாற்றைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்திட்டும் வரக்கூடும். சமையல் சோடா தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைக்கும். இவற்றை முகத்தில் பூசச் சொல்லும் குறிப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கலவை மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். மறுநாளே புளித்து நாற்றமெடுக்கும். எண்ணெயும் கஞ்சியும் சேர்ந்து குளியலறைத் தரை கடுமையாக வழுக்குமாதலால், வெளியே வருவதற்கு முன்பே தரையைத் தேய்த்துக் கழுவிவிடவும்.