நீச்சலை வைத்து ஹார்வர்ட், எம்ஐடி, அம்ஹர்ஸ்ட்: எங்கே தொடங்குவது?

முதலில் பணப் பேச்சை முடித்துவிடுவோம். அமெரிக்காவில் ஹார்வர்ட் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் தருவதில்லை. எம்ஐடி, அம்ஹர்ஸ்ட், கென்யன் போன்ற டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு) கல்லூரிகளிலும் அப்படித்தான். அப்புறம் எதற்கு நீச்சல்? சீட் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் இடத்தில் கோச் நமக்காகப் பரிந்து பேசுவார், அதற்குத்தான்.

படி 1: உங்கள் நேரத்தைக் கெஜத்துக்கு மாற்றுங்கள்

அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் 25 கெஜக் குளத்தில் நடக்கின்றன. 50 மீட்டர் குளத்தில் 100 ஃப்ரீஸ்டைலை 55 விநாடியில் முடிப்பவருக்கு 100 கெஜத்தில் சுமார் 48 வரும். இது கணக்குதான். கெஜக் குளத்தில் மூன்று முறை திரும்ப வேண்டும், இங்கே ஒரே முறை. சுவரை உதைத்துத் தண்ணீருக்கடியில் நன்றாகப் போகிறவருக்கு இன்னும் குறையலாம்.

அடுத்து, நீங்கள் குறிவைக்கும் கல்லூரியின் கான்ஃபரன்ஸ் (அது போட்டியிடும் கல்லூரிக் கூட்டமைப்பு) சாம்பியன்ஷிப் முடிவுகளை எடுங்கள். ஜெயித்தவரை விடுங்கள். உங்கள் ஈவென்டில் கடைசியாகப் புள்ளி வாங்கியவரின் நேரம் என்ன? அதை நெருங்கினால் கோச் உங்கள் மெயிலைத் திறப்பார். டிவிஷன் 3 என்று இளக்காரமும் வேண்டாம்: கென்யன் ஆண்கள் அணி 1980 முதல் 2010 வரை 31 ஆண்டுகள் விடாமல் தேசியப் பட்டம் வென்றது, 2011-இல் டெனிசன் பல்கலைக்கழகம் ஒரே புள்ளியில் அதைத் தட்டிப் பறித்தது.

படி 2: மெயில்

அணியின் இணையதளத்தில் உள்ள படிவத்தை நிரப்பிவிட்டு, மாணவரே எழுத வேண்டும். அப்பா எழுதக் கூடாது. முதல் இரண்டு வரியிலேயே ஈவென்ட், நேரம், படிப்பு முடியும் ஆண்டு, ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி), எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) மதிப்பெண் வந்துவிடட்டும். டிவிஷன் 1 (ஐவி அணிகள் உள்ள மேல் பிரிவு) கோச்சுகள் 10-ஆம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும்வரை பதில் போட முடியாது. பதில் இல்லையே என்று அதற்குமுன் சோர்ந்துவிடாதீர்கள்.

படி 3: கேட்க வேண்டிய கேள்வி

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். “உன்னை எங்கள் அணியில் பார்க்க ஆசை” என்று கோச் எல்லோரிடமும் சொல்வார். சீட் கொடுப்பது சேர்க்கை அலுவலகம். 11-ஆம் வகுப்பு முடிந்த கோடையில், “என் மதிப்பெண்களை ப்ரீ-ரீடுக்கு அனுப்புவீர்களா?” என்று கோச்சிடம் கேளுங்கள். ப்ரீ-ரீடு என்றால், விண்ணப்பத்துக்கு முன்பே சேர்க்கை அலுவலகம் உங்கள் மதிப்பெண்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வது. அங்கிருந்து நல்ல பதில் வந்தால், “சேர்க்கையில் எனக்கு முழு ஆதரவு தருவீர்களா, எத்தனை பேருக்குத் தருகிறீர்கள்?” என்று நேராகவே கேட்கலாம். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, அவர்களுக்குப் பழகிய கேள்விதான். மழுப்பினால் அடுத்த கல்லூரியோடும் பேசிக்கொண்டே இருங்கள்.

எம்ஐடி கணக்கு தனி. அங்கே கோச் சிபாரிசு செய்யலாம், இடம் பிடித்து வைக்க முடியாது.

படி 4: விண்ணப்பம்

ஐவியில் அக்டோபர் 1 முதல் லைக்லி லெட்டர் (சீட் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று சேர்க்கை அலுவலகம் முன்கூட்டியே அனுப்பும் கடிதம்) வரலாம். பெரும்பாலும் அது வந்தால் சீட் உறுதி மாதிரிதான், மதிப்பெண் சரியாதவரை. அம்ஹர்ஸ்ட் போன்ற இடங்களில் கோச் எர்லி டெசிஷனில் (ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) போடச் சொல்வார். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதால், கல்லூரியின் இணையதளத்தில் உள்ள கால்குலேட்டரில் குடும்பத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.