வழக்குக் கடனை அடைக்க ஈரநிலத்தை விற்பதா? நகர மன்றத்தில் பேசப் போகும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு நகரம் பெரிய வழக்கில் தோற்றதும் "கையில் சும்மா கிடக்கும் நிலத்தை விற்றுக் கடனை அடைத்துவிடலாமே" என்ற பேச்சு கிளம்பிவிடும். அந்த நிலம் ஈரநிலமாகவோ, காப்புக்காக ஒதுக்கியதாகவோ இருந்தால் ஊர் இரண்டாகப் பிரியும். அப்படி ஒரு கூட்டத்துக்குப் போகிறவர்கள் எந்தத் தாளை முதலில் படிக்க வேண்டும், எந்தக் கெடுவைத் தவறவிடக் கூடாது என்பதே இங்கே சொல்லப்படுகிறது. எல்லாம் கலிபோர்னியா சட்டப்படி. மற்ற மாநிலங்களில் விதியும் நாள் கணக்கும் வேறு.

முன்மாதிரியாக கலிபோர்னியக் கடலோரத்தில் உள்ள ஹாஃப் மூன் பே நகரத்தைப் பாருங்கள். 1980களில் நகரம் செய்த வடிகால் வேலை, பீச்வுட் என்ற சுமார் 24 ஏக்கர் மனையில் பள்ளங்களை விட்டுவிட்டுப் போனது. மழைநீர் தேங்கியது, ஈரநிலச் செடிகள் முளைத்தன. அங்கே 83 வீடு கட்டக் கேட்ட அனுமதியை, ஈரநிலம் என்று காரணம் காட்டி 2000-ல் நகரம் மறுத்தது. அதை ஈரநிலமாக்கியதே நகரம்தான் என்று 2007 நவம்பரில் கூட்டாட்சி நீதிபதி வான் வாக்கர் தீர்ப்பளித்தார். இழப்பீடு 3.68 கோடி டாலர், வக்கீல் செலவு தனி. நகரின் ஆண்டு பட்ஜெட்டே 1 கோடி டாலர் அளவுதான்.

2008-ல் நகரமும் மனை உரிமையாளரும் சமரசம் செய்துகொண்டார்கள். கடலோரத்தில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் மாநிலக் கடலோரச் சட்டத்திலிருந்து அந்த மனைக்கு விலக்குத் தரும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறினால், அங்கும் பக்கத்து மனையிலுமாக 129 வீடு கட்டலாம். நிறைவேறாவிட்டால் நகரம் 1.8 கோடி டாலர் கொடுத்து பீச்வுட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏபி 1991 என்ற அந்த மசோதா நிறைவேறவில்லை. நகரம் 2009-ல் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணத்தைத் திரட்டியது.

தீர்ப்பு வந்தால் நிலம் ஏலத்துக்குப் போகுமா?

போகாது. இந்த விவாதத்தில் அதிகம் பேர் தவறாக நினைப்பது இதைத்தான். தனியார் கடனாளியின் சொத்தை ஜப்தி செய்வதைப் போல ஓர் உள்ளாட்சியின் சொத்தை ஜப்தி செய்ய கலிபோர்னியா அரசுச் சட்டத் தொகுப்பின் 970-ஆம் பிரிவும் அதைத் தொடர்ந்து வருபவையும் இடம் தருவதில்லை. பணத்தைக் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம், அவ்வளவுதான். அதிலும் 970.6 பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரே தடவையில் கட்டினால் நகரம் தாங்காது என்று மன்றம் தீர்மானம் போட்டு, நீதிமன்றமும் விசாரித்து அதை ஏற்றால், 10 ஆண்டுத் தவணை வரை கிடைக்கும். ஆனால் வட்டி ஓடும். மாநில நீதிமன்றத் தீர்ப்பென்றால் உள்ளாட்சிக்குப் பொதுவாக ஆண்டுக்கு 7 சதவீதம்.

ஆகவே "விற்காவிட்டால் நகரம் திவால்" என்று யாராவது சொன்னால் மூன்று கணக்கைக் கேளுங்கள். தவணையில் கட்டினால் ஆண்டுக்கு எவ்வளவு? கடன் பத்திரம் போட்டால் எவ்வளவு? காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்ட தொகை எந்த நிலையில் இருக்கிறது? இந்த மூன்றும் ஒரே தாளில் வராத வரை விற்பனையைப் பேசுவது அவசரம்.

எந்த விலைக்கு?

விவாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "1.8 கோடி கொடுத்து வாங்கினோம், அதே விலைக்கு விற்போம்" என்ற கணக்கு செல்லாது. அந்தத் தொகை ஒரு வழக்கை முடிக்கக் கொடுத்தது, மனையின் சந்தை விலை அல்ல. வீடு கட்ட முடியாத ஈரநிலத்துக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்காகவே இருக்கும். நல்ல விலை வர வேண்டுமென்றால் தடையை எடுக்க வேண்டும். "நிலத்தை விற்கலாம்" என்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது, "காப்பை நீக்கி விற்கலாம்" என்பதைத்தான்.

அதனால் மதிப்பீட்டு அறிக்கை கையில் கிடைத்ததும் கடைசிப் பக்கத் தொகைக்குப் போகாதீர்கள். எந்த அனுமானத்தில் மதிப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கும் பத்தியைத் தேடுங்கள். "குடியிருப்பு அனுமதி கிடைக்கும் எனக் கொண்டு" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அந்த விலை இன்னும் கிடைக்காத அனுமதியின் விலை. கடலோர மண்டலத்தில் அந்த அனுமதி சுலபமில்லை. நீர், மண், தாவரம் ஆகிய மூன்று அடையாளங்களில் ஒன்று இருந்தாலே மாநிலக் கடலோர ஆணையம் ஈரநிலம் என்று எடுத்துக்கொள்ளும். கூட்டாட்சி விதிக்கு வழக்கமாக மூன்றும் வேண்டும். இரண்டையும் குழப்பி "(கூட்டாட்சி விதியைச் செயல்படுத்தும்) ராணுவப் பொறியாளர் அலுவலகமே ஈரநிலம் இல்லை என்றுவிட்டது" என்று வாதிடுவார்கள். கடலோரத்தில் அந்த வாதம் எடுபடாது. மனையைத் துண்டு போட்டு விற்பதுகூட அங்கே அனுமதி தேவைப்படும் செயல்தான்.

காப்பு அறக்கட்டளை வாங்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல வழிதான். ஆனால் அவர்களுக்கு வரும் மாநில மானியம் பொதுவாக மதிப்பிட்ட சந்தை விலையைத் தாண்டாது. கடன் முழுவதும் அதில் அடைந்துவிடும் என்று மன்றத்தில் வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள்.

வில்லங்கம் பாருங்கள்

உரிமைக் காப்பீட்டு நிறுவனத்தின் முன்னறிக்கையை, அதாவது மனை மீது என்னென்ன உரிமைகளும் கட்டுப்பாடுகளும் பதிவாகியிருக்கின்றன என்ற பட்டியலை, நகரத்திடம் கேட்டு வாங்குங்கள். பொது ஆவணச் சட்டப்படி கேட்டால், தர முடியுமா முடியாதா என்று 10 நாளில் சொல்ல வேண்டும். மேலும் 14 நாள் நீட்டிக்கலாம். அதே மனுவில் சமரச ஒப்பந்தம், மதிப்பீட்டு அறிக்கை, கடன் பத்திரத் தவணை அட்டவணை ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "சம்பந்தப்பட்ட எல்லாம்" என்று எழுதினால் இழுத்தடிக்க வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

முன்னறிக்கையில், நிலத்தில் கட்டடம் கட்டுவதைத் தடுக்கும் காப்பு உரிமைப் பத்திரம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது நிலத்தோடு நிரந்தரமாக ஒட்டியது. யார் வாங்கினாலும் கட்டுப்படுத்தும். வெறும் மன்றத் தீர்மானத்தால் "காப்பு நிலம்" ஆனது என்றால், இன்னொரு தீர்மானத்தால் அது போய்விடும்.

நிகழ்ச்சி நிரலில் எங்கே ஒளிந்திருக்கும்

உள்ளாட்சிக் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கும் பிரவுன் ஆக்ட் படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பும் நிரலை ஒட்ட வேண்டும். விலை பேரத்தை மூடிய அறையில் பேச மன்றத்துக்கு உரிமை உண்டு. ஆனால் எந்த மனை, யாரோடு பேரம், நகரின் சார்பில் பேசுவது யார் என்பதை முதலில் திறந்த கூட்டத்தில் சொல்லியாக வேண்டும். நிரலில் மனையின் பெயருக்குப் பதிலாக வரி மதிப்பீட்டு எண் மட்டும் இருக்கலாம். மாவட்ட மதிப்பீட்டாளரின் வரைபடத்தில் அந்த எண்ணைப் பார்த்து முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்ணில் படாமலே போய்விடும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது "உபரி நிலம்", அதாவது நகரத்தின் தேவைக்கு இனி வேண்டாத நிலம், என்ற அறிவிப்பு. உபரி நிலத்தை விற்கும் முறையைச் சொல்லும் சர்ப்ளஸ் லேண்ட் ஆக்ட் படி இதைத் திறந்த கூட்டத்தில்தான் செய்ய வேண்டும். அதன்பின் மலிவு வீட்டு அமைப்புகளுக்கும் பூங்கா, திறந்தவெளித் துறைகளுக்கும் அறிவிப்பு அனுப்பி 60 நாள் காத்திருக்க வேண்டும். விருப்பம் தெரிவித்தவர்களோடு குறைந்தது 90 நாள் நேர்மையாகப் பேசவும் வேண்டும். மீறினால் முதல் தடவை விற்பனை விலையில் 30 சதவீதம் அபராதம். போட்டி வந்தால் மலிவு வீடு அதிகம் தருபவருக்கே பொதுவாக முன்னுரிமை. ஏற்கெனவே பூங்காவாகப் பயன்பட்டு அப்படியே தொடரப்போகும் நிலத்துக்கும், நகரின் பொதுத் திட்டத்தில் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் ஆவணம்) பூங்கா என்று குறித்து அதற்காகவே பயன்படுத்தப்போகும் நிலத்துக்கும் பூங்காத் தரப்பே முதலில். ஆகவே பொதுத் திட்ட வரைபடத்தில் அந்த மனைக்கு என்ன நிறம் பூசியிருக்கிறது என்பதை விற்பனைப் பேச்சு தொடங்கும் முன்பே பாருங்கள்.

மன்றத்தில் பேசும்போது

கிடைப்பது பெரும்பாலும் 3 நிமிடம். தவளையையும் பாம்பையும் பற்றி மட்டும் பேசினால் மறுதரப்பு "வரி கட்டுவது யார்?" என்று கேட்டு முடித்துவிடும். முதல் நிமிடத்தில் தவணைக் கணக்கு, அடுத்ததில் மதிப்பீட்டு அறிக்கையின் அனுமானம், கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை என்று வகுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக: "தவணை, கடன் பத்திரம், காப்பீடு மூன்றின் கணக்கையும் ஒரே தாளில் தரும் அறிக்கை வரும்வரை உபரி அறிவிப்பை ஒத்திவையுங்கள்." இப்படிக் கேட்டால் உறுப்பினர் ஒருவர் அதையே தீர்மானமாக முன்மொழிய முடியும்.

பெயரைப் பதிவு செய்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் வராத பெரியவர்கள் தமிழிலேயே பேசலாம். மொழிபெயர்ப்பாளரோடு பேசுகிறவருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாதபோது, இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை முன்கூட்டியே நகரச் செயலரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வாக்கெடுப்பு முடிந்த பின்

உபரிச் சொத்து விற்பனைக்குச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து விலக்கு என்று நகரம் அறிவிக்கக்கூடும். அந்த விலக்கு அறிவிப்பைப் பதிவு செய்துவிட்டால் எதிர்த்து வழக்குப் போட 35 நாள்தான். பதியாவிட்டால் 180 நாள். நிரலில் இல்லாததைத் திறந்த கூட்டத்தில் முடிவு செய்திருந்தால், திருத்தக் கோரும் கடிதம் 30 நாளுக்குள் போக வேண்டும். மூடிய அறையில் வரம்பு மீறியிருந்தால் 90 நாள். கடலோர அனுமதி கொடுத்திருந்து, அது மேல்முறையீட்டுக்கு உரியதாக இருந்தால், மேல்முறையீடு செய்ய, நகரின் இறுதி முடிவு கடலோர ஆணையத்துக்குக் கிடைத்ததிலிருந்து 10 வேலை நாள்.