மீன் முள் குத்தினால் முதலில் வெந்நீர் போடுங்கள்

என் வலது கணுக்காலில் இரண்டு தழும்பு உண்டு. சோற்றுப் பருக்கை அளவில் இருப்பது திருக்கை மீன் வைத்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மினுமினுவென்று இருக்கிறதே, அது என் பெரியப்பா வைத்தது.

தொண்டிப் பக்கம் கடல் குளம் மாதிரி. எவ்வளவோ தூரம் நடந்தாலும் இடுப்புக்குத்தான் தண்ணீர். பன்னிரண்டு வயதில் பெரியப்பாவோடு கரைவலை இழுக்கப் போன நான், சேற்றில் படுத்துக் கிடந்த திருக்கையை மிதித்துவிட்டேன். சுளீரென்று வால் அடித்து, அதிலிருக்கும் முள் ஏறியது. கரைக்கு வருவதற்குள் கடுப்பு தொடை வரை ஏறி, கவட்டில் நெறி கட்டிவிட்டது. பெரியப்பா டீக்கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாங்கிவந்து, வாளியில் ஊற்றி என் காலை அமுக்கிப் பிடித்தார். வைத்தியம் சரிதான், சூடுதான் தப்பு. விஷக் கடுப்பில் கால் வெந்ததே எனக்குத் தெரியவில்லை.

மீன் முள்ளில் இருக்கும் விஷம் ஒரு புரதம். சூடு பட்டால் வீரியம் குறையும். அதற்குக் கொதிநீர் தேவையில்லை, 45 டிகிரி போதும். அதாவது கை பொறுக்கிற சூடு. குத்துப்பட்ட காலை நம்பாதீர்கள். குத்துப்படாத கையை விட்டுப் பாருங்கள். அந்தக் கை தாங்கினால்தான் காலை வைக்கலாம். அரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருங்கள். ஆறிப்போனால் காலை வெளியே எடுத்துவிட்டு, வெந்நீர் ஊற்றி விளாவி, மறுபடி கையால் பார்த்துவிட்டு வையுங்கள்.

அதற்கு முன்னால் புண்ணைக் கழுவுங்கள். ரத்தம் வந்தால் துணியால் அழுத்துங்கள். மேலாகத் தெரிகிற முள் துணுக்கை எடுத்துவிடலாம். ஆனால் நெஞ்சு, வயிறு, கழுத்தில் ஏறிய முள்ளைப் பிடுங்கவே கூடாது. அப்படியே 108-ஐக் கூப்பிடுங்கள். முதலை பிடிக்கும் ஸ்டீவ் இர்வின் 2006-இல் இறந்தது நெஞ்சில் திருக்கை முள் பாய்ந்துதான்.

கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு அப்புவது எல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு. எதுவும் வேண்டாம். வலி அடங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் டி.டி. ஊசி போட்டு, உள்ளே முள் ஒடிந்து நிற்கிறதா என்று எக்ஸ்ரே பாருங்கள். சர்க்கரை, ஈரல் கோளாறு உள்ளவர்கள் அன்றைக்கே போகவேண்டும். கடல் தண்ணீர்க் கிருமி அவர்களைச் சும்மா விடாது. பாம்புக்கடி மருந்து இதற்கு வேலை செய்யாது. வலையில் கடல்பாம்பு கடித்தால் கதையே வேறு. பெரிதாக வலிக்காது, ஆனால் உயிர் போகும். வெந்நீரில் நேரத்தைக் கழிக்காமல் ஓடுங்கள்.

இப்போது நான் மதுரையில் மீன் வெட்டுகிறேன். இங்கே திருக்கையை விடக் கெளுத்திதான் ஆளைப் படுத்துகிறது. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். விறைத்து நின்றுவிட்டால் மடங்காது. செத்த மீன் என்ன செய்யும் என்று பையை அழுத்திப் பிடித்த ஓர் அக்காவுக்கு, முள் பையைத் தாண்டி விரலில் ஏறியது. செத்தாலும் முள்ளில் விஷம் இருக்கும். ஐஸில் வைத்ததும் அப்படித்தான். அதனால் கேட்காவிட்டாலும் முதலில் அந்த மூன்றையும் வெட்டித் தள்ளிவிட்டுத்தான் தராசில் போடுவேன். கண்மாயில் ஊத்தாக் கூடை போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்குத் தேளி மீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பேரிலேயே தேள் இருக்கிறது. ஓரா மீனுக்கு முதுகு, வயிறு இரண்டிலும் முள். ருசி அதிகம், கழுவும்போது கவனம்.

குழம்பில் கொதித்தபின் இந்த விஷம் நிற்காது, பயப்படாமல் சாப்பிடலாம். பலூன் மாதிரி உப்பும் பேத்தை மீன் விஷயம் வேறு, அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது.

ஆழமில்லாத கடலில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி உரசி நடங்கள். சலசலப்புக் கேட்டால் திருக்கை தானே விலகிப் போய்விடும். ஊருக்குப் போனால் நான் இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறேன். மாமா தரையைத் தேய்க்கிறார் என்று பசங்கள் சிரிக்கிறார்கள்.