ஷாலின் படத்தைப் பயிற்சி அறையிலிருந்து பார்ப்பது எப்படி

குங்ஃபூ படத்தைச் சண்டைக்குச் சண்டை ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு, லாவ் கார்-லியூங் 1978-இல் இயக்கிய ‘ஷாலினின் 36ஆவது அறை’ இழுவையாகத்தான் தெரியும். படத்தின் நடுப்பகுதி முழுக்கப் பயிற்சி. ஓட்டக்கூடாதது அதைத்தான்.

முதலில் பிரதியைச் சரிபாருங்கள். 2.35:1 அகலத்திரைப் படம் இது. டிவி திரையை முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரம் வெட்டிய பிரதி என்று அர்த்தம், பாதிச் சண்டையில் எதிராளியின் கை காணாமல் போயிருக்கும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தால் நல்லது.

சீனாவை ஆண்ட மஞ்சு ஆட்சியிடமிருந்து தப்பி ஷாலின் என்ற பௌத்த மடத்துக்கு வரும் மாணவன், அங்குள்ள 35 பயிற்சி அறைகளில் எடுத்த எடுப்பில் உச்சமான 35ஆவது அறையைக் கேட்கிறான். அங்கே பிட்சுக்கள் சூத்திரம் ஓதுகிறார்கள். தூக்கி வெளியே எறியப்படுகிறான். பிறகு முதல் அறை: தண்ணீரில் மிதக்கும் கட்டைக் கட்டின்மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சாப்பாட்டுக்கூடம்.

தண்ணீர் சுமக்கும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். இரு கையையும் பக்கவாட்டில் நீட்டி வாளி தூக்க வேண்டும். கைகளுக்கு அடியில் கத்தி கட்டியிருக்கிறது. கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். உபதேசம் ஒரு வரிகூட இல்லை. மனதுக்கு முன்னால் உடம்பு கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு அறைக்கும் ‘எந்த உறுப்பு, என்ன வேலை, தவறினால் என்ன’ என்று குறித்துக்கொண்டே வந்தால், பின்னால் வரும் சண்டையில் அந்த அசைவுகள் தானாகக் கண்ணில் படும்.

இயக்குநர் வெறும் சினிமாக்காரர் அல்ல. அவர் தந்தையின் ஆசான் லாம் சாய்-விங்; லாமின் ஆசான், புகழ்பெற்ற குங்ஃபூ வீரர் வோங் ஃபெய்-ஹூங். அதனால் ஷாட்டை லேசில் வெட்டமாட்டார். ஒரு வெட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே எத்தனை அடி விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஆட்கள் இங்கே போதிதர்மரை இழுப்பார்கள். அவர் தென்னிந்தியர் என்பது பழைய மரபு. குங்ஃபூவோடு அவரை முடிச்சுப் போட்டது 17ஆம் நூற்றாண்டுச் சீன நூல். இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள அது தேவையில்லை.

இரண்டாம் தடவை பார்க்கும்போது 36ஆவது அறையை மட்டும் தொடருங்கள். எல்லா அறையையும் முடித்தவன், வெளியில் உள்ள சாதாரண மக்களுக்குக் கற்றுத்தர ஓர் அறை கேட்கிறான். மடம் அவனை வெளியே அனுப்புகிறது. பார்க்கத் தண்டனை மாதிரி இருக்கும். உண்மையில் அனுமதி அதுதான்.