கொழும்புக்குத் தனியாகப் போகிறீர்களா? எந்தப் பகுதியில் அறை எடுப்பது என்று முடிவெடுக்கும் முறை

நல்லூர்த் திருவிழாவுக்கு லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது, பக்கத்து வீட்டுத் தங்கச்சி படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம், அடுத்த மாதம் தொடக்கமாம். "அக்கா, வெள்ளவத்தையில எனக்கு ஒரு ரூம் பாத்துத் தாங்கோ." வேலை எங்கே என்று கேட்டேன். "கொழும்பிலதான்" என்றாள்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் வழுக்கி விழுவது இந்தக் "கொழும்பிலதான்" என்ற இடத்தில். நானும் அப்படித்தான் விழுந்தேன். கொக்குவிலில் இருந்து பெரியாஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போய் வந்த பிள்ளைக்குக் கொழும்பும் ஒரு ஊர்தானே என்று தோன்றும். கொழும்பு மாநகரசபையின் எல்லை 37 சதுர கிலோமீற்றர்தான். ஆனால் கொழும்பில் வேலை என்று சொல்பவர்களில் ஒருவருக்கு வேலை மாலபேயில் இருக்கும், இன்னொருவருக்கு இரத்மலானையில், வேறொருவருக்கு வத்தளையில். வத்தளை கொழும்பு மாவட்டமே இல்லை, கம்பஹா. அறை வாடகை விளம்பரங்களுக்கு மட்டும் இவை எல்லாமே "கொழும்புக்கு மிக அருகில்".

அன்று நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவளுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

படி 1: வேலை இடத்தின் சந்தியைக் கண்டுபிடியுங்கள்

நியமனக் கடிதத்தின் தலைப்பில் இருப்பது தலைமை அலுவலக விலாசமாக இருக்கலாம். நீங்கள் போய் உட்காரப்போவது வேறு கிளையாக இருக்கலாம். ஆகவே வெட்கப்படாமல் போன் எடுத்துக் கேளுங்கள்: எந்தக் கட்டடம், கிட்ட உள்ள பஸ் தரிப்பிடம் எது, எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு விடுவார்கள், சனிக்கிழமை வேலை உண்டா.

நான் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. சித்தி வெள்ளவத்தையில் இருந்தார். அவருடைய வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு அனெக்ஸ், அதாவது வீட்டோடு ஒட்டிய தனி வாடகைப் பகுதி, கிடைத்தது. அம்மாவுக்கும் நிம்மதி. போன பிறகுதான் வேலை பத்தரமுல்லையில் என்று தெரிந்தது. போனில் வரைபடத்தைப் பார்த்தால் பத்துக் கிலோமீற்றர் சொச்சம், அவ்வளவுதான். ஆனால் காலி வீதிக்கு நடந்து, 100 அல்லது 101 இலக்க பஸ்ஸைப் பிடித்து, கொள்ளுப்பிட்டியில் இறங்கி, அங்கிருந்து 177இல் ஏறிப் பத்தரமுல்லைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம். மழை பெய்தால் அந்தக் கணக்கும் இல்லை. ஒரு வருடம் முழுக்க அப்படி இழுத்தேன். முற்பணம் கட்டியாயிற்றே!

படி 2: அந்தச் சந்திக்கு வரும் ஒற்றை பஸ்ஸைப் பிடியுங்கள்

கொழும்பைச் சதுரமாக நினைக்காதீர்கள். கை விரல்கள் போல நினையுங்கள். கோட்டை, புறக்கோட்டைதான் உள்ளங்கை. அங்கிருந்து விரல் விரலாகப் பெரிய வீதிகள் போகின்றன. ஒரு விரலின் நெடுகப் போவது லேசு. ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குத் தாவுவதுதான் பாடு.

தெற்கே போவது காலி வீதி. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை. 100 பாணந்துறை வரை, 101 மொறட்டுவை வரை போகும். இதே பாதைக்குச் சமாந்தரமாகக் கடலோரம் ரயிலும் ஓடுகிறது. வேலை இந்தக் கோட்டில் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மாதச் சீசன் ரிக்கெற் எடுத்துவிட்டால் காலி வீதி நெரிசலைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை.

தென்கிழக்கே ஹைலெவல் வீதி. கிருலப்பனை, நுகேகொடை, மகரகம. 138 அடுத்தடுத்து வரும். இந்தப் பக்கமும் களனிவெளி ரயில் பாதை இருக்கிறது. ஆனால் அது ஒற்றைத் தண்டவாளம், மெல்ல ஊர்ந்து போகும். நேரசூசியைப் பார்க்காமல் அதை நம்பி அறை எடுக்க வேண்டாம்.

கிழக்கே பொரளை, ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே. 177 கொள்ளுப்பிட்டியில் தொடங்கி இந்தப் பக்கத்தால் கடுவெல வரை போகும். வடக்கே கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, ஆற்றைத் தாண்டினால் வத்தளை, நீர்கொழும்பு வீதி.

இனி உங்கள் வேலைச் சந்தி எந்த விரலில் என்று பாருங்கள். அந்த விரலிலேயே, பஸ் மாறாமல், முக்கால் மணித்தியாலத்துக்குள் வரக்கூடிய மூன்று இடங்களை எழுதுங்கள். மூன்று போதும். குறுக்கே ஓடும் பஸ்களும் சில உண்டு, அவற்றையும் விசாரியுங்கள். வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டிக்கு 141 இருப்பது போல.

கொழும்பு 6, கொழும்பு 15 என்ற இலக்கங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவை தபால் வலயங்கள். இலக்கம் கூடக் கூடத் தூரம் கூடும் என்று அர்த்தமில்லை. 6 வெள்ளவத்தை, தெற்கு அந்தம். 15 முகத்துவாரம், மட்டக்குளி, வடக்கு அந்தம்.

படி 3: வீட்டாரோடு கதையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு எந்த முடிவும் எடுக்க முடியாது என்பது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டில் "தமிழ் ஆக்கள் இருக்கிற இடமா?" என்ற கேள்வி வரும். பழைய காலத்துப் பயம் என்று சிரித்துவிடாதீர்கள். அம்மாவின் வயதுக்காரருக்குக் கொழும்பு என்றால் 1983 ஜூலைக் கலவரம். அண்ணாமாருக்கு 2007 ஜூன். லொட்ஜ்களில் தங்கியிருந்த சில நூறு தமிழர்களைப் பொலிஸார் விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. இவற்றையெல்லாம் பார்த்தவர்கள் கேட்கிறார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையின் வசதியும் பொய்யில்லை. இரவு எட்டு மணிக்கும் இடியப்பமும் சொதியும் வாங்கலாம். மயூராபதி அம்மன் கோவில் இருக்கிறது. 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம், அதில் நல்ல நூலகம். யாழ்ப்பாணத்து இரவு பஸ்கள் அங்கேயே வெளிக்கிடும், வெள்ளிக்கிழமை பின்னேரம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய் ஏறலாம். கொட்டாஞ்சேனையிலும் தமிழ் தாராளமாகக் கேட்கும், பொன்னம்பலவாணேசுவரர் கோவிலும் கிட்ட. பம்பலப்பிட்டியும் தெகிவளையும் அப்படித்தான், வாடகைதான் வேறு வேறு.

ஆனால் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் இருந்த ஒரு வருடத்தில் எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வரவில்லை, தேவைப்படவும் இல்லை. ராஜகிரியவுக்கு மாறிய மூன்றாம் நாள் பஸ்ஸில் "பஹினவா" (இறங்கப்போகிறேன்) என்று கத்திப் பழகிவிட்டேன். கத்தாவிட்டால் அடுத்த தரிப்பிடத்தில்தான் இறக்குவான். மூன்று மாதத்தில் பாண் கடைக்காரரோடு விலை ஏறினதைப் பற்றிச் சண்டை பிடிக்குமளவுக்கு வந்துவிட்டேன். அலுவலகத்திலும் அது உதவியது. இதற்காக எல்லாரும் தமிழர் குறைந்த இடத்துக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. வீட்டாரிடம் கிட்டத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் அல்லது சிநேகிதியின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தால், ஏரியாவின் பெயர் அவ்வளவாக அவர்களை உறுத்தாது. எங்கள் வீட்டில் அது வேலை செய்தது.

படி 4: முதல் மாதம் தற்காலிக இடம்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, போட்டோவைப் பார்த்து ஆறு மாத முற்பணம் கட்ட வேண்டாம். இக்மன் விளம்பரத் தளத்திலும் முகநூலிலும் வரும் விளம்பரங்களை விலை நிலவரம் அறியப் பாருங்கள். "இண்டைக்கே காசு போட்டால் பிடிச்சு வைக்கிறன்" என்று ஒருவர் சொன்னால், போனை வையுங்கள்.

சாப்பாட்டோடு பெண்களுக்கான போர்டிங், அல்லது சொந்தக்காரர் வீட்டில் ஒரு மாதம். இரண்டு பெட்டி மட்டும் கொண்டு போங்கள். சித்தி வீட்டில் ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான் என்று முதலே சொல்லிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

படி 5: மூன்று இடத்துக்கும் ஒத்திகை

எழுதி வைத்த ஒவ்வொரு இடத்திலும் காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். வேலைக்குப் போவது போலவே உடுத்து, அதே பையோடு. நேரத்தைக் குறியுங்கள்: பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றேன், எத்தனை பஸ் நிற்காமல் போனது, ஏறினால் கால் வைக்க இடம் இருந்ததா, எத்தனை மணிக்கு இறங்கினேன். பஸ் கிளம்பும் இடத்துக்குக் கிட்ட இருந்தால் சீற் கிடைக்கும். நடுவில் இருந்தால் படியில் தொங்க வேண்டும். விளம்பரத்தில் "பிரதான வீதிக்கு இரண்டு நிமிடம்" என்று இருக்கும், அந்த வீதியில் வரும் பஸ் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்று இருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பரில் பள்ளிக்கூட விடுமுறை. அந்த நேரத்தில் கொழும்பு வீதிகளில் பறக்கலாம். அப்போது பார்த்துவிட்டு "இருபது நிமிடம்தான்" என்று முடிவெடுத்தால், பள்ளிக்கூடம் தொடங்கிய திங்கட்கிழமை அழுவீர்கள். நான் ஞாயிற்றுக்கிழமையில் பார்த்து ஏமாந்தவள்.

பின்னர் அதே இடத்துக்கு இரவு எட்டு மணிக்குப் போங்கள். பஸ் தரிப்பிடத்திலிருந்து வீட்டு வாசல் வரை நடந்து பாருங்கள். ஒழுங்கையில் எத்தனை விளக்கு எரிகிறது? திறந்திருக்கும் கடை ஒன்று, ஒரு பாமசியோ பேக்கரியோ, வழியில் உண்டா? நீளமான மதில்கள் இரண்டுக்கு நடுவே ஆள் நடமாட்டம் இல்லாத ஒழுங்கை என்றால் நான் எடுக்க மாட்டேன், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும். பிக்மீ என்ற வாடகை வாகனச் செயலியில் ஓட்டோ கேட்டுப் பாருங்கள், எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று. வரத் தயங்குகிற ஒழுங்கை என்றால் அதுவும் ஒரு தகவல்தானே.

படி 6: வீட்டைப் பார்க்கும்போது

வெள்ளம்தான் முதலில். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அந்தப் பக்கம் வாடகை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுக்காரரிடம் கேட்டால் "வெள்ளமா, இங்கேயா?" என்பார். மூலைக்கடைக்காரரிடம் கேளுங்கள். மதிலில் இடுப்பளவில் ஒரு மங்கிய பழுப்புக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கடல் பக்கம் அழகுதான். ஆனால் மரைன் டிரைவ் பக்கத் தொடர்மாடிகளில் யன்னல் கம்பியை ஒருமுறை விரலால் சுரண்டிப் பாருங்கள், துரு செதில் செதிலாக உதிரும். உப்புக் காற்றுக்கு இஸ்திரிப் பெட்டி, சைக்கிள், பூட்டு ஒன்றும் தப்பாது. ரயில் சத்தமும் சேர்த்தி. காலி வீதியின் உள்பக்க ஒழுங்கைகளில் இந்தத் தொல்லை குறைவு.

அப்புறம் கரன்ட். இதில்தான் நான் காசைத் தொலைத்தேன். எனது அனெக்ஸுக்குத் தனி மீற்றர் இல்லை. வீட்டுக்காரரின் பில்லில் பாதி நான் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் ஏறும். இரண்டு குடும்பத்துப் பாவனை ஒரே மீற்றரில் விழுந்தால் இரண்டும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும். அவர்களுக்கு ஏசி, எனக்கு ஒரு மின்விசிறி. தனி மீற்றரா, உப மீற்றரா, அலகுக்கு எவ்வளவு என்று கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள், மேல் மாடி என்றால் காலையில். (எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் குளித்துப் பழகியவர்களுக்கு அங்கே சோப் நுரை போகவே போகாது. பயப்பட வேண்டாம், தண்ணீர் மென்மை, அவ்வளவுதான்.)

படி 7: காசும் கையெழுத்தும்

முற்பணம் மூன்று மாதம் கேட்பார்கள், ஆறு மாதம் கேட்பார்கள், வெள்ளவத்தையில் ஒரு வருடமும் கேட்பார்கள். பேசிக் குறைக்கலாம். இடையில் வெளிக்கிட்டால் மிச்சம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை மாத அறிவித்தல் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். புரோக்கர் வந்தால் அவருடைய கூலியை வீடு பார்க்கப் போகமுன் பேசுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு. அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள், கொடுக்கும்போது அதன்மேல் "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி போன் எடுத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவளுடைய வேலை நாரஹேன்பிட்டியில். நுகேகொடை, கிருலப்பனை, வெள்ளவத்தை என்று மூன்று எழுதினாள். போன கிழமை காலை 7.20க்கு ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் கொண்டக்டர் கத்துகிறான்: "அக்கா, நுகேகொடையில ரெண்டு பஸ் நிக்காமப் போட்டுது. நேற்று 141இல வெள்ளவத்தையில ஏறினன், சீற் கிடைச்சது." கடைசியில் அவள் கேட்ட வெள்ளவத்தையிலேயேதான் அறை பார்க்கிறோம். உள்பக்க ஒழுங்கை, தனி மீற்றர். கடல் பக்கம் வேண்டுமாம் என்று இன்னும் அடம் பிடிக்கிறாள்.