நியூயார்க்கில் பட்டம் பெற்றவர்களின் கல்விக் கடனுக்கு மாநில உதவி

நியூயார்க் மாநிலத்தில் பள்ளிப் படிப்பையும் இளநிலைப் பட்டத்தையும் முடித்து, அங்கேயே வசித்து வருபவர்களின் கூட்டாட்சி அரசுக் கல்விக் கடனுக்கான மாதத் தவணையை, ‘கெட் ஆன் யுவர் ஃபீட்’ என்னும் மாநிலத் திட்டத்தின் வழியே அதிகபட்சம் 24 மாதங்கள் வரை அரசே ஏற்றுக்கொள்கிறது. தனியார் வங்கிக் கடனுக்கு இது பொருந்தாது.

பலர் கோட்டைவிடுவது கால வரம்பில்தான். பட்டம் பெற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் தவணை தொடங்குவதற்கு முன் வழக்கமாகக் கிடைக்கும் ஆறு மாத அவகாசமும் இந்தக் கணக்கிற்குள் கரைந்துவிடுவதால், 2025 மே மாதம் பட்டம் பெற்றவர் 2027 மே மாதத்தையே கடைசி எல்லையாகக் கொள்வது நல்லது.

வருமானத்திற்கேற்பத் தவணை கட்டும் கூட்டாட்சித் திட்டத்தில் முதலில் சேர்ந்துவிட்டு, அதன் பிறகே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். வரிசை மாறினால் விண்ணப்பம் ஏற்கப்படாது. சரிக்கட்டப்பட்ட மொத்த வருமானம் (Adjusted Gross Income; மொத்த வருமானத்திலிருந்து சட்டம் அனுமதிக்கும் சில கழிவுகள் போக மீதி) ஆண்டுக்கு 50,000 டாலருக்குக் குறைவாக இருக்க வேண்டும். சம்பளச் சீட்டைப் பார்த்து ‘நமக்குக் கிடைக்காது’ என்று ஒதுங்கிவிடாமல், கூட்டாட்சி வருமான வரிக்கான 1040 படிவத்தில் Adjusted Gross Income என்ற வரியில் உள்ள தொகையைப் பாருங்கள். ஓய்வூதியச் சேமிப்பிற்குப் பிடித்தம் செய்திருந்தால் அது சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும். தவணை பாக்கி எதுவும் இருக்கக் கூடாது.